எடைக் குறைப்பு அறுவை: ‘புதிய முறை’ என்பதில் புதிது எது?

மதுரையில் இப்போது கல்யாணப் பந்தியில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. யாரோ ஒருவரின் சித்தப்பா மகன் அறுவை செய்துகொண்டு முப்பது கிலோ இறங்கியிருப்பார். “அது வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதுதானே?” என்று ஒருவர் கேட்பார். “இல்லை, லேசர் வைத்துக் குடலைச் சுருக்குகிறார்கள்” என்பார் அடுத்தவர். “அதெல்லாம் பழையது, இப்போது ரோபோதான் செய்கிறது” என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூன்றுமே தவறு.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆண்களும் அதிகம் பின்தங்கவில்லை. ஆகவே ‘அதிநவீன எடைக் குறைப்பு’ என்ற விளம்பரங்கள் பெருகுவதில் வியப்பில்லை. ஆனால் உள்ளே எதை வெட்டுகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள், எதை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்பது தெரியாமல் டாக்டரிடம் சரியான கேள்வியைக்கூடக் கேட்க முடியாது.

## முதலில் களைய வேண்டியவை

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அழகுக்காகச் செய்வது. அதனால் பசி மாறாது, சர்க்கரை நோயும் மாறாது. எடைக் குறைப்பு அறுவை கொழுப்பைத் தொடுவதே இல்லை. அது இரைப்பையையும் குடலையும் மாற்றி அமைக்கிறது. கொழுப்பு பிறகு தானாகக் கரைகிறது.

லேசருக்கு இங்கே வேலை இல்லை. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் போட்டு, ஒன்றின் வழியாகக் கேமராவும் மற்றவற்றின் வழியாகக் கருவிகளும் செலுத்திச் செய்வது லேப்ராஸ்கோப்பி. ரோபோ என்பதும் அந்தக் கருவிகளைப் பிடிக்கும் ஒரு வழிதான். அதை இயக்குவது அறுவை மருத்துவரின் கை. உள்ளே நடப்பது அதே அறுவை. ‘ரோபோ முறை’ என்று யாராவது சொன்னால், “சரி, எந்த அறுவையை ரோபோவால் செய்கிறீர்கள்?” என்று கேட்பது நியாயமான கேள்வி.

## யாருக்கு இது?

உடல் எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைக்கும் எண் பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் 96 கிலோ இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 37.5.

இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயநோயும் வந்துவிடுவதால், இங்கே எல்லைக்கோடுகள் மேலை நாடுகளைவிடக் கீழே இருக்கின்றன. நம் நாட்டில் பொதுவாகப் பின்பற்றப்பட்டுவந்த வழிகாட்டுதல்படி, வேறு நோய் இல்லாவிட்டாலும் 37.5-க்கு மேல் அறுவையைப் பரிசீலிக்கலாம். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்றவை இருந்தால் 32.5-இலேயே பரிசீலிக்கலாம். 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் ஆசியர்களுக்கு இந்த எல்லையை இன்னும் கீழே, 27.5 வரை கொண்டுவந்திருக்கின்றன. தீபாவளிக்குள் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்பவர்களுக்கு உரியதல்ல இது.

## கண்மாயும் கால்வாயும்

மாடக்குளம் கண்மாயைப் பார்த்தவர்களுக்குச் செரிமானப் பாதை எளிதில் புரியும். வரத்து நீர் கண்மாயில் தேங்கும். மடை திறக்கும் அளவுக்குத்தான் கால்வாயில் இறங்கும். போகும் வழியெங்கும் வயல்கள் நீரை எடுத்துக்கொள்ளும். தலைமடை வயல் வேறு, கடைமடை வயல் வேறு.

இரைப்பைதான் கண்மாய். ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். அதன் அடியிலுள்ள தசை வளையம்தான் மடை. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கால்வாய் என்பது சிறுகுடல். சராசரியாக ஆறு மீட்டர் அளவுக்கு நீளம். ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும். சத்துகள் இதன் சுவர் வழியாகத்தான் உடலுக்குள் போகின்றன. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் தலைமடைப் பகுதியில், பி12 வைட்டமின் கடைமடையில்.

இன்னொன்றும் உண்டு. கல்லீரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து செரிமான நீரும் ஒரு கிளை வாய்க்காலாக மடைக்குச் சற்றுக் கீழே வந்து சேர்கின்றன. இவை கலந்தால்தான் கொழுப்பும் புரதமும் முறையாகச் செரிக்கும்.

எடைக் குறைப்பு அறுவைகளுக்கு எத்தனை பெயர் வைத்தாலும் அவை செய்யும் வேலை இரண்டே: கண்மாயைச் சிறிதாக்குவது, தலைமடைப் பகுதியைத் தவிர்த்து உணவை நேராகக் கீழே கொண்டுபோய் விடுவது. சில அறுவைகள் முதலாவதை மட்டும் செய்யும், சில இரண்டையும் செய்யும்.

## பசி எங்கே போகிறது?

ஒப்பீடு இதுவரைதான் வரும். கண்மாய் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை; இரைப்பையும் குடலும் மூளைக்கு இடைவிடாமல் செய்தி அனுப்புகின்றன. அறுவை வேலை செய்வதற்கான பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்துக் கிலோ குறைந்ததும் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, உடல் எரிக்கும் சக்தி குறைகிறது. பலருக்கு எடை மெல்லத் திரும்பிவிடுகிறது. “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று உறவினர்கள் சொல்வதில் மருத்துவ உண்மை குறைவு, குத்தல்தான் அதிகம்.

அந்தப் பசிச் சுரப்பின் பெயர் கிரெலின். 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. இது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தால் கிரெலின் சரிந்து, பசியும் அடங்குகிறது. மறுபக்கம், உணவு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியைத் தொட்டால் அங்கே ஜி.எல்.பி-1 என்ற சுரப்பு கூடுதலாக வெளிவருகிறது. “போதும்” என்று மூளைக்குச் சொல்வதும் இன்சுலினைக் கூட்டுவதும் அதன் வேலை. உணவின் வழியை இப்படித் திருப்பிவிடும் பைபாஸ் அறுவை செய்தவர்களில் பலருக்கு எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை அளவு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்தது: அறுவை இரைப்பையைச் சிறிதாக்கலாம், குடலில் வழியை மாற்றலாம். அதைவிட முக்கியமாக, பசியையும் நிறைவையும் சொல்லும் சுரப்புகளை மாற்றுகிறது.

## பழையவை இரண்டு

ஸ்லீவ் என்பது இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குறுகிய குழாயாகத் தைப்பது. குடலைத் தொடுவதில்லை. மீந்த இரைப்பை 100 முதல் 150 மி.லி. வரைதான் கொள்ளும். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது அதை மோசமாக்கக்கூடும்; அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்வது அதனால்தான்.

பைபாஸ் 1967-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இரைப்பையின் உச்சியில் ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும் சிறு பையைப் பிரித்து, குடலின் கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அதோடு இணைப்பார்கள். தனியே விடப்பட்ட தலைமடைப் பகுதி பித்தநீரை மட்டும் சுமந்துகொண்டு கீழே வந்து, இன்னொரு இணைப்பில் உணவோடு சேரும். ஆக, இரண்டு இணைப்புகள். இரைப்பையின் மீதிப் பகுதி உள்ளேயே இருக்கும்.

## புதியவை: ஒவ்வொன்றிலும் ஒரு கொடுக்கல் வாங்கல்

‘மினி பைபாஸ்’ என்று நம் ஊர் மருத்துவமனைகளில் சொல்லப்படுவது ஒற்றை இணைப்பு பைபாஸ். ராபர்ட் ரட்லெட்ஜ் என்ற அமெரிக்க மருத்துவர் 1997-இல் தொடங்கிவைத்தார். இந்தியாவில் இது நிறையவே நடக்கிறது. இரைப்பையை நீண்ட குழாயாகப் பிரித்து, குடலில் ஏறக்குறைய 150 முதல் 200 செ.மீ. வரை தள்ளி ஒரே இடத்தில் இணைப்பார்கள். இணைப்பு ஒன்று குறைவதால் அறுவை நேரம் குறைகிறது. கசிவதற்கான இடமும் ஒன்று குறைகிறது. பதிலுக்கு, பித்தநீர் அந்த இணைப்பைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் சிலருக்கு அது இரைப்பைக்குள் எதிர்த்து ஏறுகிறது. எத்தனை சென்டிமீட்டரைத் தவிர்க்கிறார்கள் என்பதுதான் இதன் உயிர்நாடி. நீளம் கூடினால் எடை இன்னும் குறையும், சத்தும் குறையும். பிரான்ஸில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், 200 செ.மீ. தவிர்த்தவர்கள் இரண்டாண்டு முடிவில் பழைய பைபாஸுக்கு இணையாக எடை குறைந்தார்கள். ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் அவர்களிடம் அதிகம். ‘மினி’ என்ற பெயரைப் பார்த்துச் சின்ன அறுவை என்று நினைத்துவிடக் கூடாது.

சாடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறுவை அதற்கும் பிந்தியது. ஸ்பெயினின் மாட்ரிட் நகர மருத்துவர்கள் 2007-இல் எழுதி அறிமுகப்படுத்தியது. முதலில் ஸ்லீவ் செய்வார்கள். மடையை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்தாற்போல் குடலைத் துண்டித்து, கடைமடையிலிருந்து 250 முதல் 300 செ.மீ. மேலே உள்ள இடத்தில் இணைப்பார்கள். அதாவது ஆறு மீட்டரில் பாதியளவோ அதற்கும் சற்றுக் குறைவாகவோதான் உணவைப் பார்க்கும். மடை தப்பியதால் பித்தநீர்த் தொல்லை குறைவு. எடைக் குறைப்பிலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் இது பைபாஸைவிடப் பலமானது. அதற்குரிய விலையும் கூடுதல்: புரதம், இரும்பு, கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் எல்லாவற்றிலும் குறைவு வரலாம், மலம் இளகிப் பலமுறை போக நேரலாம். வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்கிச் சோதனை செய்துகொள்ளும் ஒழுங்கு இல்லாதவருக்கு இதை நான் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

எண்டோஸ்கோப்பி ஸ்லீவில் வயிற்றில் துளையே இல்லை. வாய்வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையை உள்ளிருந்தே மடித்துத் தைத்துச் சுருக்குவார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குரிய தையல் கருவிக்கு 2022-இல் அனுமதி தந்தது. குறையும் எடை அறுவையைவிடக் குறைவு, ஏறக்குறைய 15 சதவீதம். இரைப்பையின் மேற்பகுதி உள்ளேயே இருப்பதால் வெட்டி எடுக்கும் ஸ்லீவைப் போலப் பசியைத் தணிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விழுங்கும் பலூன் சில மாதங்களுக்கு இரைப்பையில் இடத்தை அடைத்துக்கொள்ளும், பிறகு போய்விடும். பலருக்கு எடையும் திரும்ப வந்துவிடும்.

## ஒரு காலத்தில் புதிதாக இருந்தது

2000-களில் உலகமே கொண்டாடிய புதிய முறை ஒன்று உண்டு. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் பட்டை மாட்டுவது. வெட்டு இல்லை, தையல் இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. உலகெங்கும் பெரும் எண்ணிக்கையில் பொருத்தினார்கள். ஆண்டுகள் ஓடிய பிறகுதான் பட்டை நழுவுவதும், இரைப்பைச் சுவரை அரிப்பதும், எதிர்பார்த்த எடை குறையாததும் தெரியவந்தது. பொருத்தியவர்களில் பலர் அதைக் கழற்றுவதற்காக மறுபடி அறுவை மேசையில் படுத்தார்கள். இன்று அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

இதனால் புதியவை எல்லாம் மோசம் என்று ஆகிவிடாது. ஒரு முறையைப் பற்றி நமக்குத் தெரிந்தது அது எத்தனை ஆண்டுகள் கவனிக்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான். முப்பது வயதில் அறுவை செய்துகொள்பவர் அந்தக் குடலோடு இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர். இரண்டாண்டுக் கணக்கு அவருக்குப் போதாது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வு போல நீண்ட கால விவரம் பழைய முறைகளுக்குத்தான் இருக்கிறது. அதில் பைபாஸ் செய்தவர்கள் பத்தாண்டுக்குப் பிறகும் தொடக்க எடையில் கால் பங்கு குறைந்தே இருந்தார்கள்.

## ‘70 சதவீதம் குறையும்’ என்ற கணக்கு

விளம்பரங்களில் இந்த எண் அடிக்கடி தென்படும். பொய் அல்ல, ஆனால் எதில் 70 சதவீதம் என்பதைச் சின்ன எழுத்தில்கூடப் போடமாட்டார்கள். அது மொத்த எடையில் அல்ல, அதிகப்படி எடையில். 160 செ.மீ. உயரத்துக்கு 64 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 25. ஒருவர் 110 கிலோ இருந்தால் அதிகப்படி 46 கிலோ. அதில் 70 சதவீதம் 32 கிலோ. ஆக, அவர் 78 கிலோவில் நிற்பார். மொத்த எடையில் பார்த்தால் இது 29 சதவீதம். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் இது பெரிய விடுதலைதான். ஆனால் பழைய கல்யாண ஆல்பத்து உடம்பை எதிர்பார்த்துப் போனவருக்கு ஏமாற்றமாக இருக்கும். தோல் தொங்குவதும் சேர்ந்துகொள்ளும்.

‘சர்க்கரை குணமாகும்’ என்பதிலும் இதே கவனம் வேண்டும். மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலை பலருக்கு வருகிறது. நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இருபதாண்டாக இன்சுலின் போடுபவர்களுக்குக் குறைவு. போன சர்க்கரை சில ஆண்டுகளில் திரும்புவதும் உண்டு.

## ஊசி வந்துவிட்டதே?

வந்துவிட்டது. ஜி.எல்.பி-1 சுரப்பின் வேலையைச் செய்யும் மருந்துகள் இவை. டிர்ஸெபடைட் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. வாரம் ஓர் ஊசி. 72 வாரச் சோதனையில் அதிக அளவு மருந்து எடுத்தவர்கள் சராசரியாக 20 சதவீதம் எடை குறைந்தார்கள். நிறுத்தினால் எடை ஏறுகிறது என்பதும் சோதனைகளிலேயே தெரிந்துவிட்டது. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர், முதலில் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் அறுவைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

## தட்டில் என்ன மாறும்?

மதுரைக்காரருக்கு உண்மையான சோதனை இங்கேதான். ஸ்லீவ் செய்தவர் ஒரு முழுப் பரோட்டா சாப்பிட முயன்றால் நெஞ்சில் அடைத்து வாந்தி வரலாம். ஆனால் ஒரு கோப்பை ஜிகர்தண்டா தடையில்லாமல் இறங்கிவிடும். குறுகிய இரைப்பை தடுப்பது கெட்டி உணவைத்தான். சுண்டக் காய்ச்சிய பாலும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் நிறைவே தராமல் வழுக்கிக்கொண்டு போகும். அறுவை செய்தும் எடை ஏறுகிறவர்களில் பலர் குடித்தே ஏற்றிக்கொள்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கு அதே ஜிகர்தண்டா வேறு விதமாகத் தண்டனை தரும்: மடை இல்லாததால் சர்க்கரை ஒரே பாய்ச்சலில் குடலுக்குள் இறங்கி, வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இதற்கு டம்பிங் என்று பெயர்.

அடுத்தது புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். சாடி போன்ற அறுவைகளுக்கு இன்னும் கூடுதல். ஒரு முட்டையில் 6 கிராம். ஓர் இட்லியில் ஏறக்குறைய 2 கிராம். அறுவைக்குப் பின் ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பதால், காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மறுபடி இட்லி என்ற பழக்கம் கட்டுப்படியாகாது. முதலில் முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல். பிறகு இடமிருந்தால் சோறு. சைவ உணவுக்காரர்கள், குடலில் அதிகம் தவிர்க்கும் அறுவையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கை ஊட்டச்சத்து நிபுணரோடு எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்பை எடுத்துக்கொள்ளும் பகுதியையே தவிர்க்கும் அறுவை அதை ஆழப்படுத்தும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால், அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுகள் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள்.

புகை பிடிப்பவர்களுக்கும், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கிப் போடுபவர்களுக்கும் பைபாஸ் இணைப்பில் புண் வரும் ஆபத்து கூடுதல். மதுவும் பைபாஸுக்குப் பின் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறும்.

## டாக்டரிடம் என்ன கேட்பது?

எந்த அறுவை, எத்தனை இணைப்பு, குடலில் எத்தனை சென்டிமீட்டர் தவிர்ப்பு, மொத்தக் குடல் நீளத்தை அளந்து பார்ப்பீர்களா என்று தொடங்கலாம். இதே அறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஐந்தாண்டு கழித்தும் சோதனைக்கு வருபவர்கள் எவ்வளவு பேர் என்பது அடுத்தது. நெஞ்செரிச்சலோ சத்துக்குறைவோ தாங்க முடியாமல் போனால் மாற்று என்ன என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டியதில்லை.

தொலைவும் ஒரு கணக்கு. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருப்பவர் சென்னையில் அறுவை செய்துகொண்டால், முதல் ஆண்டில் பலமுறையும் பிறகு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் எங்கே போவார்? அதற்கு விடை இல்லாமல் தேதி குறிக்கக் கூடாது.

காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, பி.எம்.ஐ. 40-ஐத் தொட்டிருக்க வேண்டும். அல்லது 35-ஐத் தொட்டு, கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், கடும் தூக்க மூச்சடைப்பு போன்றவை இருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும். மருத்துவர் ‘செய்யலாம்’ என்று சொல்லும் எல்லை வேறு, காப்பீடு பணம் தரும் எல்லை வேறு.

## வீடு திரும்பிய பிறகு

உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான், பித்தப்பை அறுவைக்கு நிகரானது. ஆனால் தையலில் கசிவு நூற்றில் ஒருவர் அளவில் வரலாம். முதல் சில வாரங்களில் காய்ச்சல், வயிற்றுவலி, ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் அறுவை செய்த இடத்துக்கே உடனே போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாதது. நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் உடலில் பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். அந்த நிலையில் பக்கத்து கிளினிக்கில் சோர்வுக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1-ம் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். பி1 ஊசியைப் போட்ட பிறகே, குறைந்தபட்சம் அதோடு சேர்த்தே, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அறுவையின் பெயர், தேதி, தவிர்த்த குடலின் நீளம், மருத்துவரின் தொலைபேசி எண், இந்த பி1 எச்சரிக்கை ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள இன்னொருவரிடமும் அதன் நகல் ஒன்று இருக்கட்டும்.